‘மருந்து கேட்கவில்லை’ என்று முடிவு கட்டும் முன்

“மூணு வருசமா மாத்திரை போடறனுங்க, தலைக்கும் மருந்து தடவறேன். ஆனா மருந்து கேக்கலைங்க, முன்னைக்கு இப்பத்தான் அதிகமா கொட்டுது.” சேலத்தில் ஐந்து ரோட்டுக்காரரானாலும் ஏற்காட்டிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வந்தவரானாலும், தோல் மருத்துவர் முன்னால் உட்காரும் இருபத்தைந்து வயது இளைஞர் சொல்வது இதுதான்.

இந்த ஒரு பேச்சுக்குள் நான்கு வேறு நிலைமைகள் ஒளிந்திருக்கின்றன. மருந்து தன் வேலையைச் செய்துகொண்டிருக்க, வழுக்கை அதைவிட வேகமாக ஓடலாம். மருந்து மயிர்க்காலுக்குப் போய்ச் சேராமலே இருக்கலாம். பழைய வழுக்கையின் மேல் புதிதாக இன்னொரு முடி உதிர்வு வந்து ஏறியிருக்கலாம். அல்லது முதல் நாளிலிருந்தே நோய் வேறாக இருந்திருக்கலாம். நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு. எது என்று பிரித்துப் பார்க்காமல் மாத்திரையின் பலத்தைக் கூட்டுவதும், கோபத்தில் ஒரேயடியாக நிறுத்துவதும், அவசரமாக முடி நடச் சேர்வதும் இருக்கிற முடியையும் பறிகொடுக்கும் வழிகள்.

ஆண்களின் பரம்பரை வழுக்கை எப்படி நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். டெஸ்டோஸ்டீரான் ஹார்மோனை 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி டிஹெச்டி என்னும் வீரியமான வடிவமாக மாற்றுகிறது. நெற்றி, உச்சிப் பகுதிகளில் உள்ள மயிர்க்கால்கள் சிலருக்கு இந்த டிஹெச்டியைத் தாங்காதவை. பிடரியிலும் காதோரத்திலும் இருப்பவை பெரும்பாலும் தாங்கும். 1942-இல் ஜேம்ஸ் ஹாமில்டன், பருவமடையும் முன்பே விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று எழுதினார். 1974-இல் டொமினிக்கன் குடியரசில் பிறவியிலேயே இந்த நொதி குறைந்த குடும்பங்கள் ஆராயப்பட்டன. அந்த ஆண்களுக்கும் இந்த வகை வழுக்கை இல்லை. ஃபினாஸ்டரைடு என்ற மாத்திரை பிறந்தது இந்த அறிவிலிருந்துதான். புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மி.கி. அளவில் 1992-லும், வழுக்கைக்கு 1 மி.கி. அளவில் 1997-லும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

டிஹெச்டி முடியைப் பிடுங்கிப் போடுவதில்லை. ஒரு முடி 2 முதல் 6 ஆண்டுகள் வளர்கிறது, சுமார் 3 மாதம் ஓய்கிறது, பிறகு உதிர்ந்து அதே இடத்தில் புதியது முளைக்கிறது. டிஹெச்டியின் பிடியில் ஒவ்வொரு சுற்றிலும் வளரும் காலம் குறுகி, முளைப்பது முன்னதைவிட மெலிதாக வருகிறது. தலையில் ஒரே துளையிலிருந்து இரண்டு, மூன்று முடிகள் கொத்தாக வளர்வதுண்டு. அந்தக் கொத்தில் துணை முடிகள் முதலில் மெலிகின்றன. அதனால்தான் சொட்டை விழுவதற்கு முன்பே, ட்யூப்லைட் வெளிச்சத்தில் மண்டைத் தோல் தெரிய ஆரம்பிக்கிறது. முடியின் அடர்த்தி ஏறக்குறையப் பாதி குறையும்வரை கண்ணுக்குப் பிடிபடாது என்று மருத்துவர்கள் சொல்வது வழக்கம். அதாவது ‘இப்போதுதான் ஆரம்பித்தது’ என்று வருபவருக்கு ஆரம்பித்துப் பல சுற்று போயிருக்கும்.

‘தாய்மாமன் தலையைப் பார்’ என்று வீட்டில் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆண் ஹார்மோன் மயிர்க்காலில் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, அது தாயிடமிருந்து வருவது. ஆனால் 2017-இல் பிரிட்டனில் 52,000-க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்துச் செய்த ஆய்வு, வழுக்கையோடு தொடர்புள்ள 287 மரபணுக் குறிகளைக் காட்டியது. அப்பா வழிக்கும் அதில் பங்கு உண்டு. இருபது வயதிலேயே ஏறு நெற்றியும் உச்சிச் சொட்டையும் சேர்ந்து தொடங்குபவருக்கு மரபுச் சுமை பெரியது என்று பொருள். மருந்தின் கை கொஞ்சம் கட்டப்பட்டுத்தான் இருக்கும்.

மருந்து எவ்வளவு செய்யும்?

ஃபினாஸ்டரைடு 1 மி.கி. இரத்தத்திலுள்ள டிஹெச்டியைச் சுமார் 70 சதவீதம் குறைக்கிறது. மண்டைத் தோலில் 64 சதவீதம் அளவுக்கு. மீதி டிஹெச்டி அங்கேயே இருக்கிறது. இந்த மருந்து நொதியின் இரண்டாம் வகையைத்தான் அடக்குகிறது, முதல் வகையை அதிகம் தொடுவதில்லை. ‘ஒன்று கேட்கவில்லை, ஐந்து போடுவோம்’ என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: 5 மி.கி. எடுத்தாலும் மண்டைத் தோலில் டிஹெச்டி குறைவது 69 சதவீதம் வரைதான். 0.2 மி.கி.யே 56 சதவீதம் குறைக்கிறது. அளவை ஐந்து மடங்காக்கிக் கிடைப்பது ஐந்து சதவீதம். அதே காரணத்தால், 5 மி.கி. மாத்திரையை நான்காக வெட்டிப் போடுகிறவரின் துண்டுகள் சற்றே பெரிதும் சிறிதுமாக இருந்தாலும் பலன் கெடாது. கெடுப்பது இடைவெளி. நிறுத்தினால் இரண்டு வாரத்துக்குள் டிஹெச்டி பழைய அளவுக்குத் திரும்பிவிடும். ஊர்த் திருவிழாவுக்குப் போய் ஒரு வாரம், கையில் காசில்லாமல் இரண்டு வாரம், பயத்தில் ஒரு மாதம் என்று விட்டு விட்டு எடுத்த மூன்று வருடத்தை மூன்று வருடச் சிகிச்சை என்று கணக்கில் எழுத முடியாது.

ஒழுங்காக எடுத்தவர்களுக்கு என்ன ஆனது? 18 முதல் 41 வயது ஆண்களிடம் ஐந்தாண்டு நடந்த ஆய்வில், புகைப்படங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது மருந்து எடுத்தவர்களில் 48 சதவீதத்தினருக்கு முடி கூடியிருந்தது, 42 சதவீதத்தினருக்கு அப்படியே நின்றது, 10 சதவீதத்தினருக்குக் குறைந்திருந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 75 சதவீதத்தினருக்குக் குறைந்திருந்தது. இதற்குள் இன்னொரு செய்தி இருக்கிறது, அதைப் பெரும்பாலானவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. மருந்து எடுத்தவர்களின் முடி எண்ணிக்கை முதல் ஓரிரு ஆண்டுகளில் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல இறங்கியது. இறங்கினாலும், மருந்தில்லாதவர்களைவிட உள்ள இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு விரிந்துகொண்டே போனது. எனவே மூன்றாம், நான்காம் வருடத்தில் ‘முன்பு இருந்ததைவிடக் குறைகிறதே’ என்று தோன்றுவது மருந்து செத்துப்போனதற்கு அடையாளம் ஆகாது. ஒப்பிட வேண்டியது சிகிச்சையின் சிறந்த மாதத்தோடு அல்ல. மருந்தே இல்லாமல் இன்று எங்கே நின்றிருப்போம் என்பதோடு. அந்தத் தலையை யாராலும் பார்க்க முடியாது என்பதுதான் இந்தச் சிகிச்சையின் பெரிய மனக்கஷ்டம்.

மினாக்ஸிடிலின் கதை வேறு. இரத்த அழுத்த மாத்திரையாக 1979-இல் வந்து, எடுத்தவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைக் கண்டு தலைக்குத் தடவும் 2 சதவீத மருந்தாக 1988-இல் அனுமதி பெற்றது. இது டிஹெச்டியைத் தொடாது. வளரும் பருவத்தை நீட்டி, மெலிந்த முடியைக் கொஞ்சம் தடிப்பாக்கும். மினாக்ஸிடில் மட்டும் தடவுகிறவருக்கு அடியில் வழுக்கை தன் போக்கில் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. மேலே பூச்சு பூசி அடியில் கரையான் அரிக்கும் சுவர் மாதிரி. இரண்டு மூன்று வருடம் கழித்து அரிப்பு வெளியே தெரியும்போது ‘மருந்து பழகிவிட்டது’ என்கிறோம். தவிர, மினாக்ஸிடில் மயிர்க்காலில் உள்ள சல்ஃபோட்ரான்ஸ்ஃபரேஸ் என்ற நொதியால் மாற்றப்பட்ட பிறகே வேலை செய்யும். அந்த நொதி குறைவாக இருப்பவருக்கு எத்தனை பாட்டில் தீர்ந்தாலும் பலன் கம்மி.

பாட்டில் கணக்கு

அளவு ஒரு வேளைக்கு 1 மி.லி., நாளைக்கு இரண்டு வேளை. 60 மி.லி. பாட்டில் சரியாக ஒரு மாதம் வர வேண்டும். உங்கள் பாட்டில் மூன்று மாதம் வருகிறதென்றால் மூன்றில் ஒரு பங்கு மருந்தைத்தான் தடவுகிறீர்கள். ‘பல வருடமாகத் தடவுகிறேன்’ என்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இந்தக் கேள்விதான். கேட்ட மாத்திரத்தில் பாதிப் புதிர் விடுபடும்.

இரண்டாவது, எண்ணெய். தலை காய்ந்தால் முடி கொட்டும் என்று வளர்ந்த வீடுகள் நம்முடையவை. காலையில் தேங்காய் எண்ணெயைத் தேய்த்து வாரிவிட்டு, அதன் மேலேயே மருந்தைச் சொட்டுகிறவர்கள் உண்டு. மருந்து விழ வேண்டியது சுத்தமான, உலர்ந்த தோலில். வகிடு வகிடாகப் பிரித்து, சொட்டையின் ஓரத்தில் தொடங்கி, தோலில் சொட்டி, விரல் நுனியால் பரப்பவும். முடியின் மேல் வழிந்த மருந்து வீண். தடவிய பின் நான்கு மணி நேரமாவது தலை நனையக் கூடாது. கொண்டலாம்பட்டியிலிருந்து சித்திரை வெயிலில் ஹெல்மெட் போட்டுப் போகிறவர் கிளம்பும் முன் தடவினால் அது வியர்வையோடு ஹெல்மெட் பஞ்சில் போய்ச் சேரும். எழுந்தவுடனே தடவிவிடுவது மேல். இரவில், படுக்கப் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தடவிக் காயவிடவும். ஈரத்தோடு படுத்தால் மருந்து தலையணைக்கும், அங்கிருந்து முகத்துக்கும் போகும். எண்ணெய் தேய்க்கும் ஆசையை விட வேண்டியதில்லை. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை வைத்துக்கொள்ளுங்கள், காலை மருந்துக்கு நான்கு மணி நேரம் கழித்து எண்ணெய் தேய்த்துக் குளித்தால் போதும். நுரையாக வரும் மருந்து உடல் சூட்டிலேயே கரைந்துவிடும். சேலத்துக் கோடையில் விரலைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு எடுங்கள். வீட்டில் பூனை இருந்தால் கவனம், இந்த மருந்து பூனைகளுக்குக் கடும் விஷம்.

அரிப்பும் செதிலும் வந்தால் பலர் தாங்களாகவே மருந்தைக் குறைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம் கரைசலில் சேர்க்கும் புரோப்பிலீன் கிளைக்கால். அது இல்லாத நுரை வகைக்கு மாறினால் தொடர முடியும். 10 சதவீதம், 15 சதவீதம் என்று விற்பவை 5 சதவீதத்தைவிட மேலானவை என்பதற்கு நல்ல சான்று இல்லை. எரிச்சல் மட்டும் கூடும்.

தொடங்கிய 2 முதல் 8 வாரத்துக்குள் அதிகமாகக் கொட்டுவது மினாக்ஸிடிலின் இயல்பு. ஓய்விலிருக்கும் முடியை அது தள்ளிவிட்டுப் புதிய முடிக்கு வழி விடுகிறது. இந்தக் கட்டத்தில் பயந்து நிறுத்திவிட்டு, பிறகு தொடங்கி, மறுபடி நிறுத்தி என்று போனால் ஒவ்வொரு முறையும் ஒரு கொட்டல்தான் மிச்சம்.

மேலே வந்து ஏறும் இரண்டாவது உதிர்வு

வழுக்கை மெதுவாக நடக்கும் காரியம். திடீரென்று சீப்பிலும் தலையணையிலும் கொத்துக் கொத்தாக வருகிறதென்றால், மருந்தைச் சந்தேகிக்கும் முன் இரண்டு மூன்று மாதம் பின்னோக்கி நாட்காட்டியைப் புரட்டுங்கள். டெங்கு, டைபாய்டு, கோவிட், அறுவைச் சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைத்தது, வீட்டில் ஒரு சாவு. உடம்பு அதிரும்போது வளர்ந்துகொண்டிருந்த முடிகள் கூட்டமாக ஓய்வுக்குப் போகின்றன. ஓய்வு சுமார் மூன்று மாதம் என்பதால் உதிர்வு அப்போதுதான் வெளியே தெரிகிறது. ஐப்பசி அடைமழையில் டெங்கு கண்டவருக்குத் தை மாதம் முடி கொட்டும். காய்ச்சலை மறந்திருப்பார், மாத்திரைதான் நினைவுக்கு வரும். காரணம் நீங்கிவிட்டால் இது ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் தானாக அடங்கும். ஆனால் வழுக்கை மரபு உள்ளவருக்கு, உதிர்ந்து திரும்பும் முடியில் ஒரு பகுதி முன்னைவிட மெலிந்து வரும். அந்த இழப்பு நிஜம்.

இரண்டையும் வீட்டிலேயே ஓரளவு பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. முடி ஓரளவு நீளமாக இருக்க வேண்டும். ஐந்து நாள் தலைக்குக் குளிக்காமல் இருந்து, ஆறாம் நாள் வாளியிலோ தொட்டியிலோ தலையை அலசி, தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டி, விழுந்த முடிகளை எண்ணுங்கள். 3 செ.மீ.க்குக் குறைவான மெலிந்த முடிகளைத் தனியாகப் பிரியுங்கள். மொத்தம் நூறுக்கு மேல் இருந்து குட்டை முடி பத்தில் ஒன்றுக்கும் குறைவு என்றால் அதிர்ச்சி உதிர்வு. மொத்தம் நூறுக்குள் இருந்து குட்டை முடி பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ என்றால் வழுக்கை. இரண்டுமே அதிகமென்றால் இரண்டும் சேர்ந்து நடக்கிறது. மருந்து எடுத்தும் மோசமாகிறது என்பவர்களிடம் இந்தக் கடைசி வகையைக் கட்டாயம் தேட வேண்டும்.

இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்த இரும்பு), டிஎஸ்ஹெச் (தைராய்டு), பி12, வைட்டமின் டி போதும். ஆணுக்கு ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருந்தால் இரும்பு மாத்திரை எழுதுவதோடு விட்டுவிடக் கூடாது. மாதவிலக்கு இல்லாத உடம்பில் இரும்பு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்: மூலத்தில் கசியும் இரத்தமா, குடற்புண்ணா, தோட்டத்து மண்ணில் செருப்பில்லாமல் நடந்து பிடித்த கொக்கிப்புழுவா. இன்னொன்று, முடிக்கென்று கடையில் எளிதாகக் கிடைக்கும் பயோட்டின். குறைபாடு இல்லாதவருக்கு அதனால் முடி வளரும் என்பதற்குச் சான்று மிகக் குறைவு. அதைவிட, அதிக அளவு பயோட்டின் தைராய்டு பரிசோதனை முடிவுகளையே பொய்யாக்கும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள்.

ஜிம் பக்கமும் கேட்க வேண்டும், கூச்சமில்லாமல் சொல்லவும் வேண்டும். ஊசியாகவோ மாத்திரையாகவோ அனபாலிக் ஸ்டீராய்டு எடுப்பவருக்கு ஃபினாஸ்டரைடு முழுக் காவல் தராது. ஸ்டானசோலால், ஆக்ஸாண்ட்ரலோன் போன்றவை டிஹெச்டியின் வம்சம். மாற்றம் தேவைப்படாமல் நேராகவே மயிர்க்காலைத் தாக்கும். நாண்ட்ரலோன் இன்னும் விபரீதம். 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் அதை வீரியம் குறைந்த பொருளாக மாற்றுகிறது. அந்த நொதியைத் தடுத்தால் தலையில் அதன் வீரியம் கூடிவிடும். அந்த நிலையில் வழுக்கை மாத்திரையே எதிரியாக வேலை செய்யும். முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், வலிப்புக்கான வால்புரோயேட் ஆகியவையும் உதிர்வைக் கூட்டலாம். ஆனால் வலிப்பு மாத்திரையை முடிக்காக யாரும் தானே நிறுத்தக் கூடாது.

போர்வெல் உப்புத்தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், சேலத்தில் முதல் பழி அதன் மேல்தான் விழுகிறது. கடினநீர் முடித் தண்டைச் சொரசொரப்பாக்கும், சிக்காக்கும், நடுவில் ஒடிக்கும். தோலுக்கு அடியில் இருக்கும் மயிர்க்காலைச் சுருக்காது. கொட்டிய முடியின் ஒரு முனையில் வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது, இல்லையென்றால் ஒடிந்தது. மேட்டூர்த் தண்ணீருக்கு மாறினால் ஒடிவது குறையலாம், சொட்டை நிற்காது. மொட்டையும் அப்படித்தான். தைப்பூசத்துக்குப் பழனியில் முடி இறக்குவது வேண்டுதல். அதனால் அடர்த்தி கூடாது. வெட்டுப்பட்ட நுனி மொட்டையாக இருப்பதால் தடிப்பாகத் தோன்றும், அவ்வளவே.

நோயே வேறாக இருந்தால்

நெற்றி, உச்சி என்ற வரைபடத்தை மீறி முடி போனால் சந்தேகப்பட வேண்டும். புழுவெட்டு சில சமயம் வட்டமாக விழாமல் தலை முழுக்கப் பரவலாகக் கொட்டும். அது உடலின் எதிர்ப்புச் சக்தி தன் மயிர்க்கால்களையே தாக்குவது, ஃபினாஸ்டரைடுக்குக் கட்டுப்படாது. தலையில் எரிச்சல், முடியைச் சுற்றிச் சிவப்பு, துளையே தெரியாமல் பளபளக்கும் தோல் இருந்தால் தழும்பு விழும் வகை. இதில் தாமதித்த ஒவ்வொரு மாதத்துக்கும் திரும்பி வராத முடி விலை. அந்துப்பூச்சி அரித்தது போலத் திட்டுத் திட்டாக முடி போவது சிஃபிலிஸ் என்ற பால்வினை நோயின் இரண்டாம் கட்டத்திலும் வரும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரியும், குணமாகவும் செய்யும். கடும் பொடுகும் வீக்கமும் இருந்தால் 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பு, நுரையை ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசி, வாரம் இரண்டு முறை.

மருத்துவர் தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் அங்கேயே விடை கிடைக்கும். ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட முடிகள் பக்கத்து முடிகளிலிருந்து தடிமனில் வேறுபட்டால் வழுக்கை. அடிப்பக்கம் மெலிந்த ஆச்சரியக்குறி முடிகளும் கரும்புள்ளிகளும் இருந்தால் புழுவெட்டு. அப்படியும் தெளியாவிட்டால் 4 மி.மீ. அளவுக்குத் தோல் எடுத்துப் பார்ப்பார்கள்.

எல்லாம் சரியாக இருந்து, வழுக்கையேதான், மருந்தும் ஒழுங்காகத்தான் எடுக்கப்பட்டது என்று உறுதியானால் அடுத்த படிகள் இருக்கின்றன. டியூட்டாஸ்டரைடு 0.5 மி.கி. நொதியின் இரண்டு வகைகளையும் அடக்கி, இரத்த டிஹெச்டியை 90 சதவீதத்துக்கு மேல் குறைக்கிறது. வழுக்கைக்கு அதை 2009-இல் தென்கொரியாவும் 2015-இல் ஜப்பானும் அனுமதித்தன. உடம்பில் பல வாரம் தங்கும் மருந்து. நிறுத்திய பின் ஆறு மாதம் இரத்த தானம் கூடாது. தடவும் மினாக்ஸிடிலுக்குப் பதில் குறைந்த அளவு மாத்திரை, ஆண்களுக்கு வழக்கமாக 2.5 முதல் 5 மி.கி.; கால் வீக்கமும் படபடப்பும் வரலாம் என்பதால் இரத்த அழுத்தம் பார்த்தே தொடங்க வேண்டும். 2013-இல் மும்பையில் 100 ஆண்களிடம் செய்த ஆய்வில், மினாக்ஸிடிலோடு வாரம் ஒரு முறை 1.5 மி.மீ. ஊசி உருளையும் சேர்த்தவர்களுக்கு 12 வாரத்தில் முடி எண்ணிக்கை நன்றாகக் கூடியது. குத்திய பிறகு 24 மணி நேரம் மருந்து தடவக் கூடாது.

பக்கவிளைவை மறைத்துப் பேசுவது தவறு. ஃபினாஸ்டரைடு 1 மி.கி. ஆய்வுகளில் பாலியல் தொல்லைகள் 3.8 சதவீதத்தினருக்கு, வெற்று மாத்திரையில் 2.1 சதவீதத்தினருக்கு. தற்கொலை எண்ணம் ஒரு பக்கவிளைவு என்பதை ஐரோப்பிய மருந்து முகமை 2025-இல் உறுதி செய்தது. மனம் சரிந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பார்ப்பது சரியான முடிவு. முடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கல்யாணமாகிக் குழந்தைக்கு முயல்கிறவர் விந்தணு எண்ணிக்கை குறைவாக இருந்தால் இந்த மாத்திரை எடுப்பதை மருத்துவரிடம் சொல்லட்டும். உடைத்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக் கூடாது.

முடி நடுவது பற்றி ஒரே எச்சரிக்கை. இருபத்துமூன்று வயதில், சொட்டை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போது முன்நெற்றியில் நட்டால், நட்டது நிற்கும், அதன் பின்னாலிருக்கும் சொந்த முடி போய்க்கொண்டே இருக்கும். பிடரியில் எடுக்கக்கூடிய முடிக்கு வாழ்நாள் அளவு உண்டு. காதோரமும் பிடரியும் கூட மெலிந்திருப்பவருக்கு நடவே கூடாது. அங்கிருந்து எடுத்து நட்டதும் மெலியும். அந்த இடங்களை உருப்பெருக்கியில் பார்க்காமல் முன்பணம் கேட்கும் இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மருத்துவரிடம் போகும் நாளில், சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கானாலும் தனியார் மருத்துவமனைக்கானாலும், எண்ணெய், சாயம், சொட்டையை மறைக்கத் தெளிக்கும் நார்ப்பொடி இல்லாமல் போங்கள். ஒட்ட வெட்டிக்கொண்டோ மொட்டையடித்தோ போக வேண்டாம். மாத்திரை அட்டைகள், மினாக்ஸிடில் பாட்டில், புரோட்டீன் டப்பா, ஜிம்மில் கொடுத்த எதுவானாலும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கடந்த ஆறு மாதக் காய்ச்சல், எடை மாற்றம், விட்டுப்போன மருந்து நாட்களை ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதே ஜன்னலோரம், அதே நேரம், உலர்ந்த தலை, ஒரே முடி நீளம் என்று உச்சியிலும் நெற்றியிலும் எடுத்த படங்கள் இருந்தால் அவற்றையும் காட்டுங்கள். இல்லையென்றால் இந்த வாரம் முதல் படத்தை எடுத்து வையுங்கள்.